அரைப்பேர்: இணையத் தமிழில் உணர்வைத் தேடும் கணினிகள்

“இன்னைக்கும் அரைப்பேர்தான்.”

கொமென்ட் இவ்வளவுதான். தோட்டத்து ஆட்கள் கூடுகிற ஒரு முகநூல் பக்கத்தில் யாரோ எழுதியது, எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டு என் திரைக்கு வந்தது. கீழே நான்கு பொத்தான்கள்: நல்லவிதம், கெட்டவிதம், கலப்பு, நடுநிலை. ஒன்றை அழுத்தினால் அடுத்த வரி வரும், அதற்கும் அழுத்தினால் அதற்கடுத்தது. ஹட்டனில் வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான் சில மாதம் செய்த வேலை இது. எழுதியவர் சந்தோஷமாக எழுதினாரா, கோபமாக எழுதினாரா என்று கணினி கண்டுபிடிக்கப் பழக வேண்டுமானால், முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வரிகளுக்குக் குறி போட்டுக் காட்ட வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை, ‘கெட்டவிதம்’ என்று அழுத்தினேன். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘பேர்’ என்றால் எங்களுக்கு ஆளின் பெயர் மட்டும் இல்லை, ஒரு நாள் வேலையின் பதிவு. காலையில் வேலை பிரித்துக்கொடுக்க ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் நின்று, சொன்ன மலைக்குப் போய், சாயங்காலம் கொழுந்தை எடைபோட்ட பிறகு கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் போடுகிறாரே, அதுதான் பேர். கேட்ட கிலோ வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழையில், அட்டைக்கடியில், முழு நாளும் நின்றது நின்றதுதான். கொழுந்தே இல்லாத மலைக்கு அனுப்பினது கொழுந்து பறிக்கிறவளுடைய குற்றமும் இல்லை, ஆனாலும் பாதிதான். ‘இன்னைக்கும்’ என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான் என்பது உட்கார்ந்திருக்கிறது. என் அம்மா இதைச் சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டின படங்கை அவிழ்த்துக் கொடியில் போடுவது எனக்குக் கண்முன்னால் தெரியும்.

அதே வரிக்குக் குறி போட்ட மற்ற இரண்டு பேரும் ‘நடுநிலை’ என்று போட்டிருந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் சொல்வதே முடிவு என்பது அங்கே விதி. வேலை கொடுத்த இடத்தில் கேட்டுப் பார்த்தேன், “அந்த வரியில் உணர்ச்சியைக் காட்டும் சொல் எதுவும் இல்லையே” என்று பதில் வந்தது. அந்த இரண்டு பேர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மலையகத்து ஆட்கள் இல்லை, பேர் என்பதைப் பெயர் என்று படித்திருப்பார்கள், அரை என்பதை என்னவென்று படித்தார்களோ. ஆனால் அந்த வரி ‘நடுநிலை’ என்ற குறியோடு தரவுக்குள் போய்விட்டது, இனி அந்தத் தரவில் பழகுகிற கணினிக்கு அரைப்பேர் என்பது பஸ் நேரம் மாதிரி ஒரு தகவல்.

இந்தக் கணினிகள் எப்படி வேலை செய்கின்றன, தமிழில், அதிலும் எங்கள் தமிழில், எங்கே வழுக்குகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களும் இப்போது போனில்தான் குறையைச் சொல்கிறார்கள், நன்றியைச் சொல்கிறார்கள், துக்கத்தைப் பகிர்கிறார்கள். அதை ஒரு இயந்திரம் முதலில் படித்து வகைபிரித்து, பிறகுதான் ஒரு மனிதர் பார்ப்பார், அல்லது பார்க்கவே மாட்டார் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட இரண்டு ஆய்வுகள் 2002-ல் வந்தன. ஒன்று போ பாங், லிலியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் மூவரும் செய்தது. திரைப்பட விமர்சனங்களில் பாராட்டி எழுதியது 700, திட்டி எழுதியது 700 எடுத்துக்கொண்டார்கள். முதலில் இரண்டு மாணவர்களிடம், நல்ல விமர்சனத்தில் என்ன சொற்கள் வரும், மோசமான விமர்சனத்தில் என்ன வரும் என்று பட்டியல் கேட்டார்கள். அந்தப் பட்டியல்களை வைத்துக் கணினி பார்த்தபோது ஒன்று 58 சதவீதம் சரி, மற்றது 64. காசைச் சுண்டிப்போட்டாலே 50 வரும் இடம் அது. பிறகு பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, விமர்சனங்களையே கணினியிடம் கொடுத்து எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே பழகும்படி விட்டபோது ஏறக்குறைய 83 சதவீதம் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த 83 இல்லை. தரவைப் பார்த்துவிட்டு ஆய்வாளர்கள் தாங்களே ஒரு சின்னப் பட்டியல் போட்டார்கள், அதில் நல்ல பக்கம் ‘அருமை’, ‘அழகு’ மாதிரிச் சொற்களோடு, ஆங்கிலத்தில் ‘இன்னும்’ அல்லது ‘இருந்தாலும்’ என்று பொருள்படும் ஒரு சாதாரணச் சொல்லும் இருந்தது. கெட்ட பக்கம் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் இருந்தன. இவற்றை உணர்ச்சிச் சொல் என்று யாருமே நினைத்திருக்க மாட்டார்கள். ஆக, உணர்வு பெரிய பெரிய சொற்களில் மட்டும் இருப்பதில்லை, ஓரத்தில் கிடக்கிற சின்னச் சொல்லிலும் இருக்கும் என்பது 2002-லேயே தெரிந்த விஷயம். “உணர்ச்சிச் சொல் எதுவும் இல்லையே” என்று எனக்குப் பதில் சொன்னவர்களுக்கு இதைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

மற்றது பீட்டர் டர்னி செய்தது. வாகனம், வங்கி, சினிமா, சுற்றுலா இடம் பற்றிய 410 விமர்சனங்கள், சராசரியாக 74 சதவீதம் சரி. ஆனால் வாகனத்துக்கு 84 வந்தது, சினிமாவுக்கு 66 தான். காரணம் எளிது. வாகனத்தின் பிரேக் மோசம் என்றால் வாகனம் மோசம். சினிமாவில் வில்லன் கொடூரமானவன், முடிவு நெஞ்சைப் பிளக்கிறது என்று எழுதினால் படம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாமல் சொல்லை மட்டும் எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். எங்கள் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலிப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். ‘சிரித்த முகம்’, ‘அன்பானவர்’, ‘எல்லாருக்கும் உதவினவர்’, ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல். கூட்டிப் பார்க்கிற கணினி அதை ஒரு மகிழ்ச்சிச் செய்தி என்றே சொல்லும். மூட்டமும் அப்படித்தான். நுவரெலியாவில் ஹோட்டலில் தங்கினவர் “ஜன்னலைத் திறந்தா ஒண்ணுமே தெரியல, ஒரே மூட்டம்” என்று எழுதினால் அவர் சொர்க்கத்தில் இருக்கிறார். கினிகத்தேனைப் பக்கம் இரவில் பஸ் ஓட்டுகிறவர் அதையே எழுதினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் நுட்பம் வளர்ந்தது. சொற்களைத் தனித்தனியாக எண்ணுகிற முறையில் ‘நல்ல’ என்றால் எப்போதும் நல்லதுதான், நல்ல பாம்புக்கும் ஒரு நல்ல புள்ளி விழும். 2013-ல் கூகுளில் தோமஸ் மிக்கோலோவும் கூட்டாளிகளும் கொண்டுவந்த முறையில் ஒவ்வொரு சொல்லும், அது எந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதை வைத்து, எண்களின் வரிசையாக மாறியது. ஒரே சூழலில் வரும் சொற்களின் எண்கள் நெருங்கி நிற்கும். 2018-ல் வந்த பெர்ட் என்ற மொடல், அதாவது தரவில் பழக்கின கணினி நிரல், இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே சொல்லுக்கு அந்தந்த வாக்கியத்தில் வேறு வேறு எண்வரிசை கொடுத்தது. வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள சொற்களை வைத்து அதை ஊகிக்கச் சொல்லிக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் நல்ல பாம்பு வேறு, நல்ல மனுஷன் வேறு என்பது தானாகப் பிடிபடும். 2019-ல் முகநூல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 100 மொழியில் பழக்கிய எக்ஸ்எல்எம்-ஆர் என்ற மொடலில் தமிழும் உண்டு, ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழையும் தனியாகச் சேர்த்திருந்தார்கள். இப்போது கேட்டால் பதில் சொல்கிற பெரிய மொடல்களும் இதே குடும்பத்தில் வந்தவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு: அது பார்க்காத தமிழ் அதற்குத் தெரியாது. அரைப்பேர் என்ற சொல்லை முழுதாகப் பார்த்திராத மொடல் அதை அரை, ப்பேர் என்கிற மாதிரித் துண்டாக்கித்தான் படிக்கும். அரை என்றால் பாதி, இடுப்பு, மாவரைக்கிற அரை. இதில் எதை எடுக்கும்?

தமிழின் இயல்பே இந்த வேலையைக் கஷ்டமாக்குகிறது. 2021 மார்ச்சில், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததே, அந்தச் சம்பளத்தையே வைத்துச் சொல்கிறேன்.

ஆயிரம் ரூபா குடுத்தாங்க.
ஆயிரம் ரூபாதான் குடுத்தாங்க.
ஆயிரம் ரூபாவாவது குடுத்தாங்க.
ஆயிரம் ரூபாவா குடுத்தாங்க?
ஆயிரம் ரூபா குடுத்துக் கிழிச்சாங்க.

முதலாவது செய்தி. இரண்டாவது குறை. மூன்றாவதில் ஒரு சின்ன ஆறுதல், அந்த ஆறுதலுக்குள்ளேயே ஒரு வலி. நாலாவதைக் குரலைக் கேட்காமல் சொல்லவே முடியாது, நம்பமுடியாத சந்தோஷமாகவும் இருக்கலாம், “யார் சொன்னது, எங்க குடுத்தாங்க” என்கிற மறுப்பாகவும் இருக்கலாம். ஐந்தாவதில் ஒரு சதமும் வரவில்லை. ரூபாவும் கொடுத்தலும் ஐந்திலும் இருக்கின்றன, உணர்வு முழுவதும் ஒட்டில் இருக்கிறது: தான், ஆவது, ஆ, கிழிச்சாங்க.

ஆங்கிலத்துக்காகச் செய்த வழிமுறைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சொல்லின் வாலை வெட்டி வேர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது, பிறகு அடிக்கடி வருகிற ‘பயனற்ற’ சின்னச் சொற்களை நீக்கிவிடுவது. அதை அப்படியே தமிழுக்குச் செய்தால் மேலே உள்ள ஐந்தில் முதல் நான்கும் ஒன்றாகிவிடும். ‘தான்’, ‘கூட’, ‘இன்னும்’ எல்லாம் முதலிலேயே குப்பைக்குப் போய்விடும். மறுப்பும் தமிழில் வினையோடு ஒட்டியே வருகிறது. வரும், வராது, வராமல், வராமலில்லை. கடைசியில் உள்ளதில் மறுப்பு இரண்டு, ஆக வருகிறது. ‘மறக்க மாட்டோம்’ என்பது நன்றியா மிரட்டலா என்பது அடுத்த வரியில்தான் தெரியும். இந்த ஒட்டுக்களைச் சரியாகப் பிரித்துக் காட்ட நல்ல கருவி வேண்டும். கெங்காதரஐயர் சர்வேஸ்வரனும் கிகான் டயஸும் மிரியம் பட்டும் சேர்ந்து செய்த தமிழிமோர்ஃப் அப்படியான ஒன்று, 2021-ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் வேர் எது, காலம் எது, ஒட்டு எது என்று பிரித்துக்கொடுக்கும். யாழ்ப்பாணத்தையும் மொறட்டுவையையும் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸையும் இணைத்து நடந்த வேலை அது, வெளியில் அதிகம் பேசப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, எழுத்துக்கு வருவோம். போனில் தமிழ் விசைப்பலகை இருந்தாலும் எங்கள் பெடியன்கள் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறார்கள். எம், ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து எழுத்தை அடித்தால் அது மலையா, மழையா, மாலையா? ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் எல் ஒன்றோடு விட்டுவிடுவார். மற்ற ஊர்களில் இது சின்னக் குழப்பம். எங்கள் ஊரில் ‘மழை விடாமல் விழுகிறது’ என்பதற்கும் ‘மலை விழுகிறது’ என்பதற்கும் நடுவில் உயிர் இருக்கிறது.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் மண்ணுக்குள் போன நாளை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பது எல்லாருக்கும் இன்னும் பச்சைப் புண். அந்த மாதிரி நாட்களில் தோட்டத்து ஆட்கள் எழுதுகிற வரிகள் எப்படி இருக்கும் தெரியுமா? “லயத்துக்குப் பின்னால வெடிப்பு விட்டிருக்கு.” “பீலியில தண்ணி கலங்கி வருது.” “மேல் லயத்து ஆளுங்க கோயிலுக்கு வந்துட்டாங்க.” ஒன்றிலும் ‘பயம்’ இல்லை, ‘ஐயோ’ இல்லை, ‘காப்பாத்துங்க’ கூட இல்லை. புதிய வெடிப்பும் கலங்கின ஊற்றும் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சொல்லித்தருவதுதான், ஆட்கள் அதைக் கண்டு எழுதுகிறார்கள், அவ்வளவுதான். உணர்வைத் தேடுகிற மொடல் இவற்றை ‘நடுநிலை’ என்று ஓரமாக வைத்துவிட்டு, கொழும்பில் மின்சாரம் போனதற்குக் கொதித்து எழுதினவரின் பதிவை மேலே கொண்டுவரும்.

இதை நான் மொடலின் தவறாக மட்டும் பார்க்கவில்லை, கேள்வியே தவறு என்கிறேன். ஆபத்து நேரத்தில் நல்லவிதமா கெட்டவிதமா என்று கேட்கக் கூடாது. எவ்வளவு அவசரம், எந்த இடம், எத்தனை ஆட்கள் என்று கேட்கும்படி மொடலைப் பழக்க வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு வெடிப்பு விடுவது என்றால் என்ன, பீலி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்தான் குறி போட வேண்டும். அழுத்திச் சொல்லாமல் சொல்வது எங்கள் பழக்கம். துரைக்கு முன்னாலும் கங்காணிக்கு முன்னாலும் பல தலைமுறை பேசிப் பழகின வாய், கோபத்தைத் தகவல் மாதிரித்தான் சொல்லும்.

இதற்கு நேர் எதிரானது சினிமாப் பக்கம். ‘மரண மாஸ்’, ‘வெறித்தனம்’, ‘தெறி’, ‘பயங்கரமா இருக்கு’ எல்லாம் பாராட்டு. இதை மட்டும் கணினிகள் இப்போது ஓரளவு நன்றாகவே பிடிக்கின்றன, அதற்கும் காரணம் தரவுதான். 2020-ல் பாரதி ராஜா சக்கரவர்த்தி, விக்னேஸ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்சினி, ஜோன் மெக்ரே ஆகியோர் தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கொமென்ட்கள் 15,744-ஐச் சேர்த்து, குறி போட்டு, எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். தமிழில் இந்த வேலைக்கு அது பெரிய கதவைத் திறந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதில் மொடல் பழக்கிப் போட்டி போட்டார்கள். கொமென்ட்கள் பெரும்பாலும் தமிழ்ப் பட முன்னோட்டங்களுக்குக் கீழே வந்தவை. முன்னோட்டத்தைப் பார்க்க வருகிறவர் யார்? ரசிகர். ஆகவே 15,744-ல் 10,559 நல்லவிதம், 2,037 தான் கெட்டவிதம், மிச்சம் கலப்பு, புரியாதது, தமிழ் அல்லாதது.

இந்த எண்ணை வைத்து ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். ஒன்றுமே படிக்காமல், எந்த வரியைக் கொடுத்தாலும் ‘நல்லவிதம்’ என்று மட்டும் சொல்கிற ஒரு பொம்மைக் கணினியை வைத்தால், அது இந்தத் தரவில் 67 சதவீதம் சரியாகச் சொல்லும். யாராவது தங்கள் கருவி 70 சதவீதம் துல்லியம் என்று விற்க வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பொம்மைக்கு எவ்வளவு வரும் என்பது. அதனால்தான் இந்தத் துறையில் உள்ளவர்கள் மொத்தத் துல்லியத்தோடு நிற்காமல், ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தவறவிட்டது என்று பார்த்து, சின்ன வகைக்கும் பெரிய வகைக்கும் சம எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் பொம்மையின் மதிப்பெண் தரையில் விழும். எங்கள் மாதிரிக் குறைந்த ஆட்களின் பேச்சு எப்போதும் அந்தச் சின்ன வகைக்குள்தான் இருக்கிறது, ஆகவே எனக்கு இந்தச் சராசரி விஷயம் வெறும் கணக்கு இல்லை.

இலங்கையிலும் தமிழுக்கு இந்த வேலை நடக்காமல் இல்லை. சஜீத்தா தவரீசன், சின்னத்தம்பி மகேசன் இருவரும் தமிழ் எழுத்துக்களில் உணர்வைக் கண்டுபிடிக்கும் முறைகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 2019-ல் கண்டியில் நடந்த மாநாட்டில் வந்தது. மலையகப் பேச்சுக்கென்று குறி போட்ட தரவை மட்டும் நான் இதுவரை என் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே சிங்களமும் கலக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ‘எல’ என்று ஒரு பெடியன் போட்டால் ‘சூப்பர், சரி’ என்று அர்த்தம். ஆங்கில எழுத்தில் அதைப் பார்க்கிற தமிழ் மொடல் இலை என்று நினைத்தாலும் ஆச்சரியம் இல்லை. ‘சிராவா சொல்றேன்’ என்றால் உண்மையாகச் சொல்கிறேன். ‘அனே பவ்’ என்றால் ஐயோ பாவம். தமிழ் வாக்கியத்தின் நடுவில் இவை வந்து உட்காரும்போது, தமிழுக்கு ஒரு மொடல் சிங்களத்துக்கு ஒரு மொடல் என்று வைத்திருக்கிற இடத்தில் இரண்டுமே கையை விரித்துவிடும். சென்னையில் சரியாக வேலை செய்கிற கருவி இங்கேயும் செய்யும் என்று நினைப்பது பெரிய தப்பு. ‘அவர் என்னைப் பேசினார்’ என்றால் இங்கே பல பேருக்கு அவர் என்னை ஏசினார் என்று அர்த்தம், அங்கே யாரோ யாரோடோ பேசினார்கள்.

இந்தக் குறைபாடு எதில் போய் முடியும் என்பதற்கு மலைநாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, எழுதவே மனது கனக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. அதற்கு முன்னாலும் அந்த நாட்களிலும் முகநூலில் சிங்களத்தில் வெறுப்புப் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன, முறைப்பாடு செய்தும் நீங்காமல் கிடந்தவை அவற்றில் உண்டு. அரசு அவசரகால நிலையை அறிவித்து முகநூல், வட்ஸ்அப் போன்றவற்றைச் சில நாள் முடக்கியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம், தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கும் அதனால் மனிதர்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்கும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் மொழி தெரிந்த ஆட்களும், அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த கருவியும் போதாமல் இருந்ததுதான் அந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. சிங்களத்துக்கே அந்த நிலை என்றால், மலையகத் தமிழுக்கு என்ன நிலை என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் பெரிய மொடலைப் பற்றிப் பேச மாட்டேன், குறி போடுகிற தாளைப் பற்றித்தான் பேசுவேன். மூன்று பேர் குறி போட்டு இரண்டு பேர் ஒத்துப்போனால் மூன்றாவது ஆளின் குறியை அழித்துவிடுகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்த மூன்றாவது குறி சில நேரம் கவனக்குறைவு, சில நேரம் அந்த வரியின் பொருள் தெரிந்த ஒரே ஆள். எது எது என்று தெரிய வேண்டுமானால் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ‘ஏன் இப்படிப் போட்டாய்’ என்று எழுத ஒரு கட்டமும், ‘எந்த ஊர்ப் பேச்சு தெரியும்’ என்று ஒரு கட்டமும் வேண்டும். இந்த மாதிரி முரண்பட்ட குறிகளை அழிக்காமல் வைத்தே மொடல் பழக்குகிற ஆய்வாளர்கள் இப்போது இருக்கிறார்கள், ஆகவே இது நடக்காத காரியம் இல்லை. அப்புறம், வரியை மட்டும் காட்டாமல் அது எந்தப் பதிவுக்குக் கீழே வந்தது என்பதையும் குறி போடுகிறவருக்குக் காட்ட வேண்டும். சம்பளப் பதிவுக்குக் கீழே வந்த ‘சூப்பர்’ வேறு, கல்யாணப் படத்துக்குக் கீழே வந்த ‘சூப்பர்’ வேறு.

நான் அந்த வேலையை விட்ட பிறகும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எங்கள் பேச்சில் உணர்வு ஒளிந்திருக்கிற சொற்களை அதில் எழுதிக்கொண்டு வருகிறேன், யாராவது ஒழுங்காக ஒரு தரவு செய்ய வந்தால் கொடுக்கலாம் என்று. கைக்காசு, புள்ளைக்காம்பரா, தொங்கல் வீடு, பேர் வெட்டுறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று ஒரு குறி. சாயங்காலம் அம்மா தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்தில் வரிகளை வாசித்துக் காட்டி, நீங்கள் இப்படி எழுதினால் என்ன நினைத்து எழுதுவீர்கள் என்று கேட்பேன்.

அரைப்பேர் வரியை வாசித்ததும், கோபம்தானே அம்மா என்றேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கோவம் எல்லாம் முதல் மாசந்தான் புள்ள. இது அலுப்பு.”

‘கெட்டவிதம்’ என்று நான் போட்டிருந்த குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் அலுப்பு என்று எழுதினேன். நான்கு பொத்தான்களில் எதிலும் அது இல்லை.